பூட்டிக் கிடக்கும் பழைய ஆஸ்பத்திரியை மருத்துவ அருங்காட்சியகமாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

வாய்க்கால்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, எங்கள் பகுதியில் பிரெஞ்சுக்காரர் காலத்து ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. எந்தக் கட்டடம் என்று இங்கே எழுதவில்லை. பேப்பர் நகர்ந்துகொண்டிருக்கிறது, நடுவில் யாரும் புகுந்து கெடுத்துவிடக் கூடாது. பெரிய அரண்மனை மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமான வார்டு இரண்டு, நடுவில் மருந்து கொடுக்கும் அறை, பின்னால் பிரசவ அறை, சுற்றிலும் வராந்தா, அவ்வளவுதான். எல்லாம் புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகு கொஞ்ச காலம் ஸ்டோராக வைத்திருந்தார்கள், அப்புறம் அதுவும் இல்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசமரம் முளைத்துவிட்டது.

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து, இதை ஊருக்கான மருத்துவ அருங்காட்சியகமாக மாற்றலாம் என்று மனு கொடுத்தோம். “திட்டமா எழுதிக் கொடுங்க, பாக்கலாம்” என்றார்கள். நாங்கள் எழுத உட்காருவதற்குள் ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு எஸ்டிமேட்டே போட்டுக் கொடுத்துவிட்டார். பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூச்சு, மாடித் தளத்தின் மேல் புதுக் கான்கிரீட், கீழே பளபள டைல்ஸ், உத்திரம் தெரியாமல் மறைக்க ஃபால்ஸ் சீலிங், வெளியே மஞ்சள் பெயின்ட், வெள்ளை பார்டர். நாலே மாதத்தில் சாவி கையில் என்கிறார். சங்கத்தில் பாதிப் பேர் இதற்கே கைதட்டியாகிவிட்டது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு அறையை மட்டும் திறந்து காட்டினார்கள். இரும்புக் கட்டில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன, வெள்ளை எனாமல் தட்டுகள், ஒரு கண்ணாடி பீரோ நிறைய பாட்டில்கள். அதில் சில பாட்டில்கள் கருநீலம், ஆறு பட்டையாக, மேலெல்லாம் வரி வரியாகக் கோடு ஓடுகிறது, கையில் எடுத்தால் சொரசொரவென்று இருக்கிறது. ஒரு மூலையில் துணியில் கட்டிய பதிவேடுகள், மேல் கட்டு கரையான் தின்றது போக மிச்சம், உள்ளே பிரெஞ்சுக் கையெழுத்து. ஒரு பீரோ பூட்டியே இருக்கிறது, சாவி யாரிடமும் இல்லை.

இந்த ஊருக்கு இப்படி ஒரு இடம் வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1823இலேயே இங்கே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். சென்னையிலும் கல்கத்தாவிலும் மருத்துவக் கல்லூரி வந்தது 1835இல். நம் பள்ளிதான் பிறகு தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் ஆனது. ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டுக்கு ராத்திரியே பஸ் ஏறி வந்து விடியற்காலை ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கிற சனங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

கேட்க வந்தது இதுதான். எதை முதலில் செய்வது? அந்த எஸ்டிமேட்டை எப்படி நிறுத்துவது? உள்ளே எதை வைப்பது? இதில் வேலை பார்த்தவர்கள், கட்டடம் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

---

சுண்ணாம்புக்கை எழுதியது:

சார், அந்த எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் முதல் வேலை. நான் சைட்டில் நிற்கிற ஆள், பழைய வீடுகளில்தான் அதிகம் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாடி மெட்ராஸ் டெர்ரஸ் தளம். தேக்கு உத்திரம், அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவாக்காக நிறுத்தி சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்கியிருப்பார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள், கடைசியாகத் தட்டையான ஓடு பதிப்பார்கள். இந்தத் தளம் ஏற்கெனவே கனம். அதன் மேல் கான்கிரீட் போட்டால் அந்தப் பாரம் முழுவதும் உத்திரத்தின் தலையில்தான் இறங்கும், அந்த உத்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் காண்ட்ராக்டர் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்த்திருக்க மாட்டார்.

உத்திரம் நடுவில் கெடாது. சுவருக்குள் நுழைகிற இரண்டு முனைகளில்தான் கெடும், மாடித் தண்ணீர் சுவரில் இறங்கி அங்கேதான் தங்கும். கீழே நின்று பார்த்தால் கம்பீரமாக இருக்கும். ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டின இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் நுனிகூட இறங்காது. உளுத்திருந்தால் பாதி உள்ளே போய்விடும். அதைத் தட்டினால் வரும் சத்தமே வேறு. இதில் ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள், உளுத்த உத்திரம் கண்ணில் படாமலே ஒருநாள் மேலே வந்து விழும்.

மேரி கட்டடத்தை, அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடத்தை, இந்த ஊரே பார்த்தது. பீச் ரோட்டில் அத்தனை பேர் போட்டோ எடுத்த கட்டடம், 2014 நவம்பர் கடைசியில் மழையில் சரிந்து விழுந்தது. சரி செய்யப் போகிறோம், செய்யப் போகிறோம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. உலக வங்கிப் பணத்தில் பழைய சாயலிலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது புதுக் கட்டடம். ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னால் உங்கள் மாடியைக் காப்பாற்றாவிட்டால் மற்ற எதையும் பேசிப் பயனில்லை.

சிமென்ட் பூச்சு விஷயம். பழைய செங்கல் மெத்தென்று இருக்கும், தண்ணீரைக் குடிக்கும், வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விடும். சிமென்ட் விடாது. தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், இது கடலோரம் வேறு, உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளும், விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். ரெண்டு வருடத்தில் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் பெயின்ட்டும் அப்படித்தான். மஞ்சள் வேண்டுமென்றால் சுண்ணாம்பிலேயே மஞ்சள் மண் கலந்து அடிக்கலாம், அந்தக் காலத்து மஞ்சளே அதுதான்.

சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும், பூசிய பிறகு ஈரச் சாக்கு போட்டு நிழலில் மெதுவாக இறுக விட வேண்டும். மழைக்காலத்தில் பூசவே கூடாது. தை பிறந்து தொடங்கினால் ஆடிக்குள் ஒரு பக்கம் முடியும். நாலு மாதத்தில் எல்லாம் முடியும் என்று சொல்பவர் சுண்ணாம்பைத் தொடவே போவதில்லை. நம் வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள், ஐரோப்பிய யூனியன் பணத்தில் நடந்த ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில் இருபது வருடத்துக்கு முன் செய்த தெரு, 2008இல் யுனெஸ்கோ விருது வாங்கியது. கொஞ்சம் தள்ளி தரங்கம்பாடியில் டேனிஷ் கவர்னர் பங்களாவையும் பாருங்கள். சங்கத்துக்காரர்களை ஒரு வேன் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் கைதட்டினவர்கள் மனசு மாறும்.

---

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

நான் குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் நேராகவே கேட்கிறேன், யார் வரப் போகிறார்கள்? வார இறுதியில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற கூட்டம் வாய்க்காலுக்குக் கிழக்கே ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுத்துவிட்டுப் போகும். எனாமல் பேசின் பார்க்க வாய்க்கால் தாண்டி வருமா? திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார், ரிப்பன் வெட்டுவார், மூணு மாதம் கழித்துப் போனால் “சாவி வெச்சிருக்கறவரு லீவு” என்பார்கள். இப்படி எத்தனை பார்த்தாயிற்று.

எங்கள் அம்மாவுக்கு பிரஷர் பார்க்க ஆட்டோ வைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்தத் தெருவில் இருக்கிற வயதானவர்களுக்கு வேண்டியது ஒரு சின்ன ஓ.பி. ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரியாகவே திறக்கச் சொல்லி மனு கொடுத்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். நோய்க்கு மருந்து கொடுத்த இடத்தில் மருந்துப் பாட்டிலை மட்டும் கண்ணாடிக்குள் வைத்து டிக்கெட் போடுவது எனக்கு ஏனோ சரியாகப் படவில்லை.

---

கடலூர் ஓ.டி. பாட்டி எழுதியது:

நான் கடலூர் பழைய டவுன். அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். முத்தியால்பேட்டைத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

வாய்க்கால்கரை சார், அந்த நீலப் பாட்டிலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அது விஷ மருந்துக்கான பாட்டில். வெளியே பூசுகிற மருந்து, உள்ளே போனால் ஆளைக் கொல்கிற மருந்து எல்லாம் அதில்தான் வரும். அந்த வரிக்கோடு அழகுக்காகப் போட்டதில்லை. கரண்டு இல்லாத காலம், ராத்திரி டியூட்டியில் அரிக்கேன் வெளிச்சத்தில் அலமாரிக்குள் கையை விட்டால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிய வேண்டும், இதை எடுக்காதே என்று. அருங்காட்சியகத்தில் இதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். காலியாகக் கழுவின ஒன்றை ஒரு கறுப்புத் துணிப் பைக்குள் போட்டு, வழவழப் பாட்டில் ஒன்றையும் கூடவே போட்டு, பிள்ளைகளைக் கையை விட்டு விஷம் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

இப்படித்தான் ஒவ்வொரு பொருளும். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் மிக்சர் வாங்கினோம் என்றால் தின்கிற மிக்சர் என்று நினைக்கிறார்கள். கம்பவுண்டர் ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுப்பார், பாட்டில் முதுகில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும், ஓரத்தில் வேளைக்கு ஒரு வெட்டு வெட்டியிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த வெட்டைப் பார்த்துச் சரியாகக் குடித்துவிடுவார்கள். கண்ணாடி சிரிஞ்சை ஊசியோடு கொதிக்கவைத்து எடுப்போம், ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டுவோம், ஆமாம், அதே ஊசிதான் அடுத்தவருக்கும். இதைச் சொன்னால் என் பேத்தி காதைப் பொத்திக்கொள்கிறாள். அதையும் சொல்லத்தான் வேண்டும், பழசு எல்லாம் பொன் என்று காட்டுவதற்கா அருங்காட்சியகம்?

அம்மை குத்துகிற கருவி கிடைத்தால் விடாதீர்கள். வட்டமாகப் பல் வைத்த சின்ன வில்லை, தோளில் அழுத்தி ஒரு திருகு திருகுவார்கள். அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தால் பிள்ளைகள் பரண் மேல் ஏறி ஒளியும். எங்கள் வயசுக்காரர்கள் புஜத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. 1975 மே மாதத்தோடு பெரியம்மை இந்தியாவை விட்டுப் போனது. கருவி கிடைக்காவிட்டால் தழும்புகளையாவது போட்டோ எடுத்து வையுங்கள், பெயர் போடாமல், புஜம் மட்டும்.

அப்புறம் யானைக்கால். புதுச்சேரியில் இதைச் சொல்லாமல் மருத்துவக் கதை சொன்னால் அது பாதிக் கதை. அந்த நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் மேலே வரும், அதனால் விரல் நுனி ரத்தம் எடுக்க ஊழியர்கள் ராத்திரியில் வீடு வீடாக வருவார்கள். பாதித் தூக்கத்தில் விரலை நீட்டிக் குத்திக்கொண்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கொசு ஆராய்ச்சி மையம் 1975இல் இங்கே வந்ததே இந்த நோய்களுக்காகத்தான், 81இலிருந்து 85 வரை ஊரிலேயே கொசுவை ஒழித்து யானைக்காலைக் குறைக்கப் பெரிய வேலை நடந்தது. சாக்கடையும் செப்டிக் டேங்கும்தான் அந்தக் கொசுவுக்கு வீடு. பெரிய வாய்க்கால் கரையிலிருந்து எழுதுகிறவருக்கு நான் சொல்ல வேண்டுமா?

பிரசவ அறையில் மருத்துவச்சிகளுக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள். இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கு வந்து பெற்றவர்களைவிட அவர்கள் கையில் பிறந்தவர்கள்தான் ரொம்ப காலம் அதிகம். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, பேத்திகளைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். சீக்கிரம் கேளுங்கள்.

தம்பி கேட்டதற்கு என் பதில், ஒரு வார்டை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றில் காலையில் பிரஷர், சுகர் பார்க்கிற ஓ.பி. நடக்கட்டும். சீட்டு வாங்கிக் காத்திருக்கிறவர்கள்தான் உங்கள் முதல் பார்வையாளர்கள். காத்திருக்கும் நேரத்தில் சுவரில் இருப்பதைப் படிப்பார்கள், “இது எங்க வீட்லயும் இருந்துது” என்று அடுத்த வாரம் ஒரு பொருளைத் துணியில் சுற்றிக் கொண்டு வருவார்கள்.

---

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

பாட்டிம்மா, இப்படி என்றால் நான் வருகிறேன். ஓ.பி. இருந்தால் சாவிக்காரர் லீவு போட முடியாது, அதுவே போதும்.

---

ராமபாணம் எழுதியது:

ராமபாணம் என்பது புத்தகத்தை அரிக்கிற பூச்சி, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பூச்சிகளிடமிருந்து காகிதத்தைக் காப்பாற்றுவது என் பிழைப்பு. பதிவேடுகளைப் பற்றியும் அந்தப் பூட்டிய பீரோவைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன், பீரோ முதலில்.

அதை உடைத்துத் திறக்காதீர்கள். பழைய ஆஸ்பத்திரி லேப் பீரோக்களில் பிக்ரிக் அமிலம் இருக்கும், மூத்திரத்தில் புரதம் பார்க்கவும் தீக்காயத்துக்கும் பயன்படுத்தினார்கள். தண்ணீர் வற்றிக் காய்ந்துபோனால் அது வெடிமருந்து. மூடியைச் சுற்றி மஞ்சள் படிகம் தெரிந்தால் பாட்டிலைத் திருகவோ நகர்த்தவோ கூடாது, அறையைப் பூட்டிவிட்டு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். மயக்கம் கொடுக்கிற பழைய ஈதர் பாட்டிலும் அப்படித்தான், நாள்பட்டுக் கிடந்தால் மூடியில் பெராக்சைடு சேரும். கனமான ஈயப் பெட்டி ஏதாவது இருந்தால் தொடவே வேண்டாம், புற்றுநோய்க்கு ரேடியம் ஊசி வைத்த காலம் உண்டு, ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருடம் ஆகும். அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத்தான் எழுத வேண்டும். பாதரச பிரஷர் கருவி, தெர்மாமீட்டர் எல்லாம் ஒரு தட்டில் வைத்துத் தனியாக எடுத்து வையுங்கள், பிள்ளைகள் கை படுகிற இடத்தில் வேண்டாம்.

எக்ஸ்ரே படங்கள் இருந்தால் கவனம். 1930களின் தொடக்கம் வரை எடுத்த படம், சட்டென்று தீப்பிடிக்கிற நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். 1929இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கில் அப்படிப்பட்ட எக்ஸ்ரே பிலிம் எரிந்து, அந்தப் புகையில் 123 பேர் செத்தார்கள். நைட்ரேட்டுக்குப் பதிலாக வந்த அசிடேட் பிலிம் அப்படி எரியாது, ஆனால் கெட்டுப்போனால் வினிகர் வாடை அடிக்கும். எதுவானாலும் மற்ற பொருள்களோடு ஒரே அறையில் வைக்க வேண்டாம்.

இனி பதிவேடு. அவிழ்ப்பதற்கு முன்னால், எந்தக் கட்டு எந்தக் கட்டின் மேல் இருந்தது என்று போட்டோ எடுங்கள், அந்த வரிசையே ஒரு தகவல். வெயிலில் காய வைக்காதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழைய இரும்பு மை காகிதத்தைத் தானே அரித்துக்கொண்டிருக்கும், எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவத்திலேயே ஓட்டை விழும், அப்படிப்பட்ட தாளைப் புரட்டாமல் அப்படியே படம் எடுக்க வேண்டும். பிரெஞ்சுக் கையெழுத்து படிக்க ஆள் இந்த ஊரில் கிடைப்பார்கள், பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், 1955இலிருந்து இங்கே இருக்கிறார்கள். பழைய பிரெஞ்சு இந்திய நிர்வாகக் காகிதங்களில் நிறைய பிரான்சில் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, கட்டடத்தின் பழைய வரைபடம் அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு.

யாரும் சொல்லாத ஒன்று. எந்தப் பதிவேட்டையும் பெயர் தெரிகிற மாதிரி விரித்துக் காட்சிக்கு வைக்காதீர்கள். தொழுநோய், மேகநோய், கருச்சிதைவு என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும், இது சின்ன ஊர், அந்தப் பெயருக்குரியவரின் பேரன் அடுத்த தெருவில் கடை வைத்திருப்பார். நோயும் வயதும் தெரியட்டும், பெயரும் தெருவும் மறைந்திருக்கட்டும். பிறப்புப் பதிவேடு கிடைத்தால் இன்னும் வம்பு. 1962இல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள் இல்லையா, தாத்தா அங்கே பிறந்தார் என்று காட்ட ஒரு காகிதம் கிடைக்காதா என்று இன்றைக்கும் அலைகிறவர்கள் இந்த ஊரில் உண்டு. உங்களிடம் பழைய பிறப்புப் பதிவேடு இருக்கிறது என்ற செய்தி பரவினால் அருங்காட்சியகத்தில் கூட்டம் இல்லை என்ற கவலை அன்றோடு தீர்ந்தது, ஆனால் அந்தக் கூட்டத்தை உங்களால் சமாளிக்க முடியாது, ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு போகவும் தயங்காதவர் அதில் இருப்பார். அதை முறைப்படி ஆவணத் துறையிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் நகல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

வாய்க்கால்கரை எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பீரோவைத் திறக்க ஒரு பூட்டுக்காரரை வரச் சொல்லியிருந்தேன், இப்போதே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாட்டிம்மா சொன்ன பாதி ஓ.பி. பாதி அருங்காட்சியகம் யோசனையை சங்கத்தில் சொன்னேன். கைதட்டின கோஷ்டியே “அப்ப டாக்டர் வருவாரா” என்று கேட்டது, அது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறேன். மனுவை அப்படியே மாற்றி எழுதுகிறோம். சுகாதாரத் துறையும் சுற்றுலாத் துறையும் ஒன்றாக உட்கார வேண்டும், அது தனிக் கூத்து.

பணம்தான் இடிக்கிறது. சுண்ணாம்புக்கை சொல்கிற வேலை சிமென்ட்டைவிடக் கூடுதல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முழுப் பணமும் வரும் வரைக்கும் கட்டடம் நிற்க வேண்டுமே? இந்த மழைக்கு முன்னால், எங்கள் கையில் இருக்கிற சங்கப் பணத்தில், எதையும் கெடுக்காமல் செய்யக்கூடியது என்ன? அந்த அரசமரத்தை வேரோடு பிடுங்கிவிடலாமா? இரண்டு பையன்கள் தயாராக இருக்கிறார்கள்.

---

சுண்ணாம்புக்கை எழுதியது:

பையன்களைப் பிடித்து நிறுத்துங்கள். அரச வேர் செங்கல் இடுக்கில் எல்லாம் போயிருக்கும், பிடுங்கினால் கைப்பிடிச் சுவரும் சேர்ந்து வரும். தண்டை மட்டமாக அறுத்துவிட்டு, கட்டையில் துளை போட்டு மருந்து வைக்க வேண்டும். கொத்தனார்கள் பெருங்காயம் வைப்பார்கள், நான் களைக்கொல்லிதான் வைப்பேன். வேர் காய்ந்து சுருங்கிய பிறகு தளர்ந்த செங்கல்லை எடுத்து, வேரை உருவி, சுண்ணாம்பில் திரும்பக் கட்டலாம். துளிர் விட்டால் விட்டபோதெல்லாம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அரசுக்கு உயிர் கெட்டி.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது ரொம்பச் செலவு இல்லை. மாடியைக் கூட்டி மண்ணையும் சருகையும் அள்ளுங்கள். தண்ணீர் இறங்கும் வாய் எல்லாவற்றிலும் ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள், எங்கே நிற்கிறது, எந்தச் சுவர் நனைகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். வெடிப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் மட்டும் அடையுங்கள், தார் வேண்டாம், சிமென்ட் வேண்டாம். உத்திர முனை உளுத்த இடம் தெரிந்தால் அதன் கீழே சவுக்குக் கம்பு முட்டுக் கொடுங்கள், அடியில் பலகை வைத்து, தரையைக் குத்தாமல். சுவரோரம் கொட்டிக் கிடக்கும் கட்டட மண்ணை அப்புறப்படுத்துங்கள், ஓதம் பாதி அங்கிருந்துதான் ஏறுகிறது. முடிந்தால் தினம் காலையில் ஒருவர் போய் ஜன்னலை எல்லாம் திறந்து சாயங்காலம் மூடட்டும். மின்விசிறி இல்லாத காலத்தில் காற்றை நம்பிக் கட்டிய வார்டு அது, எதிரெதிர் ஜன்னல், உயரமான கூரை, பூட்டி வைத்தால் அதற்கு மூச்சு முட்டும்.

கூடுதல் செலவு என்பது உண்மைதான், ஆனால் எஸ்டிமேட்டில் இருக்கிற டைல்ஸையும் ஃபால்ஸ் சீலிங்கையும் அடித்துவிட்டால் பாதி வித்தியாசம் அங்கேயே போய்விடும். கீழே பழைய சிவப்புத் தரை இருக்கிறதா என்று ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள், இருந்தால் தேங்காய் நாரும் கொஞ்சம் எண்ணெயும் போதும். மிச்சத்துக்குக் கம்பெனிகளைக் கேளுங்கள். 2013 கம்பெனிச் சட்டத்தில் சி.எஸ்.ஆர். பணத்தை, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குகிற பணத்தை, செலவழிக்கக்கூடிய பட்டியலில் பழைய கட்டடம் புதுப்பிப்பதும் இருக்கிறது, மருத்துவமும் இருக்கிறது, உங்கள் திட்டம் ரெண்டிலும் வருகிறது. ஆனால் கட்டுமானத்துக்கு மட்டும் பணம் கேட்காதீர்கள். ஒரு ஆள் சம்பளம், கரண்ட் பில், வருடா வருடம் கரையான் மருந்து, மாடி சுத்தம், இவற்றுக்கு அஞ்சு வருடப் பணத்தை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

வரும் ஞாயிறு நான் புதுச்சேரியில்தான் இருப்பேன். அனுமதி வாங்க முடிந்தால் சொல்லுங்கள், ஏறிப் பார்க்கலாம். ஏணி உயரமாக வேண்டும், அந்தக் கால வார்டுக்கு வீட்டு ஏணி எட்டாது.

---

கடலூர் ஓ.டி. பாட்டி எழுதியது:

ஞாயிறு என்றால் நானும் பஸ் ஏறி வருகிறேன், மாடி ஏறுவதற்கு இல்லை, அந்த எனாமல் தட்டுகளைப் பார்க்க. எது கிட்னி டிரே, எது நஞ்சுக்கொடி வைக்கிற பேசின் என்று நான் சீட்டு எழுதிக் கட்டிவிட்டுப் போகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பாட்டுக்கு அதில் வந்தவர்களுக்கு முறுக்கு வைத்துக் கொடுத்துவிடுவீர்கள்.